மூன்று மில்லிமீட்டர் சந்தனக் கோடு

வண்டிக்குக் கோடு இழுத்து முடித்துப் பத்து நாள் ஆகிறது. இன்னமும் விடிந்ததும் காப்பி டம்ளரோடு போர்ட்டிகோவுக்குப் போய், ஒரு தரம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் எனக்கு மற்ற வேலை. பாட்டில் பச்சை உடம்பில், முன் விளக்கின் ஓரத்தில் பிறந்து, இரண்டு கதவுகளையும் தாண்டி, பின்பக்கத்து வால் மேட்டில் ஊசி முனையாக முடிகிற ஒரு சந்தனக் கோடு. அகலம் மூன்று மில்லிமீட்டர். எங்கள் ஜனக்புரி வீட்டு வாசலில், நானே என் கையால் இழுத்தது!

வண்டி ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மார்க் 3. அப்பா 1970-இல் மெட்ராஸில் வாங்கி, மத்திய அரசு வேலையோடு டெல்லிக்குக் கொண்டுவந்தது. அம்பாசடர் கல்கத்தா பக்கத்து உத்தர்பாராவிலிருந்தும் ஃபியட் பம்பாய் குர்லாவிலிருந்தும் வந்துகொண்டிருந்த காலத்தில், வண்டலூர்ப் பெருங்களத்தூரில் தயாரான இதுதான் நம்முடைய கார். உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலாட்டி. நான்கு கதவு வைத்தது மட்டும் நம் ஊர். பிறந்த வீடான இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்ட் வரவே இல்லை. பானெட்டைத் தூக்கினால் இரண்டு மட்கார்டுகளும் சேர்ந்து முன்பாகம் முழுவதும் மூக்கை நோக்கிக் கவிழும். எஞ்சினைச் சுற்றி நின்று நாலு பேர் வேலை பார்க்கலாம். இந்த அழகுக்கு ஈடாக இன்றைய கார் ஒன்றைக்கூட என்னால் சொல்ல முடியாது.

டெல்லியில் 15 வயது தாண்டிய பெட்ரோல் வண்டிகள் படும் பாடு ஊரறிந்தது. 2021-இல் வந்த பழங்கால வாகன விதிகள்தான் எங்களைக் காப்பாற்றின. ஐம்பது வயது கடந்த, உருமாற்றாத வண்டிக்கு ‘விஏ’ என்ற எழுத்துகளோடு தனிப் பதிவு எண் உண்டு. அதன் பிறகுதான் முழு மூச்சாக இறங்கினேன். மூன்று வருடம், கஷ்மீரி கேட்டில் உதிரிபாகக் கடை கடையாக ஏறி இறங்கினேன். தகரம், எஞ்சின், சீட்டு எல்லாம் ஆகி, பெயின்ட்டும் ஆகி, வண்டி கண்ணாடிபோல மின்னிக்கொண்டு நின்றது. ஆனாலும் பார்க்கப் பார்க்க ஏதோ குறைந்தது. கரை இல்லாத வேட்டி மாதிரி, எத்தனை வெளுத்தாலும் முழுசாகத் தெரியவில்லை.

பெயின்ட் அடித்த பட்டறையில் ஒரு வழி சொன்னார்கள். ஸ்டிக்கர் கோடு. அரை மணி நேர வேலை. ஒட்டிக்கொண்டு வந்தேன். மே மாத வெயிலில், கதவு இடுக்குகளில் அதன் முனைகள் ஒவ்வொன்றாகச் சுருண்டு மேலே எழுந்தன. உரித்து எறிந்த அன்றைக்கே முடிவு செய்தேன்: இனி தூரிகைதான்.

மாயாபுரிப் பக்கம் லாரிகளுக்கு எழுதுகிற வயதான பெயின்டர் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் உஸ்தாத் என்றே கூப்பிடுகிறோம். அவர் ஒரு டெம்போவின் பக்கவாட்டில் கோடு இழுப்பதைப் பார்த்தேன். தூரிகையை வைத்தார், நடந்தார், எடுத்தார். எட்டடி நீளத்துக்கு நூல் பிடித்த மாதிரி கோடு! “உஸ்தாத், எனக்குக் கற்றுத் தருவீர்களா?” என்றேன். “உட்கார் பேட்டா. ஆனால் வண்டியில் இல்லை, கண்ணாடியில்” என்றார் இந்தியில்.

இந்த மனிதர்களின் கையெழுத்து அழிந்துவிடக் கூடாது என்றுதான் டெல்லியில் வாழ்ந்த ஹனீஃப் குரேஷி, தெருப் பெயின்டர்களின் எழுத்துகளைக் கணினி எழுத்துருக்களாக மாற்றும் வேலையைத் தொடங்கினார். ‘பெயின்டர் கஃபீல்’ என்று பெயின்டரின் பெயரிலேயே அதில் ஓர் எழுத்துரு உண்டு. குரேஷி 2024-இல் காலமானார். எழுத்துக்கு அவர் செய்ததைக் கோட்டுக்கும் யாராவது செய்ய மாட்டார்களா என்று ஏங்குகிறேன்.

கோடு ஒன்றும் சின்ன விஷயம் இல்லை. குதிரை வண்டிக் காலத்திலிருந்தே வருகிற கலை இது. இங்கிலாந்தின் குட்வுட்டில், ரோல்ஸ் ராய்ஸ் கார்களின் பக்கவாட்டுக் கோட்டை மார்க் கோர்ட் என்ற ஒரு மனிதர் கையால் இழுத்துப் புகழ் பெற்றார். அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும்? நம் சென்னையில் செய்யும் ராயல் என்ஃபீல்ட் புல்லட்டின் டாங்கில் தங்கக் கோடு இருக்கிறதே, ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இருவர் கையால் இழுத்துப் பேர் வாங்கிய கோடு அது. ‘மெட்ராஸ் ஸ்ட்ரைப்ஸ்’ என்றே அதற்குப் பெயர். அளவு பார்க்க ஸ்கேலும் இல்லை, ஒட்டுவதற்கு டேப்பும் இல்லை. மெட்ராஸ் வண்டிக்கு மெட்ராஸ் முறையில் கோடு இழுக்கப் போகிறோம் என்ற நினைப்பே எனக்குப் பாதி தைரியம் தந்தது.

தூரிகையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பார்த்தால் தூரிகை மாதிரியே இருக்காது. கட்டைவிரல் நீளப் பிடி. அதிலிருந்து இரண்டு அங்குலத்துக்குக் கத்திபோலச் சாய்வாக வெட்டிய மயிர். இந்த நீளத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. மயிர் முழுவதும் தகரத்தில் படுத்துக்கொண்டு பின்னால் இழுபட்டு வருவதால், கையின் சின்னச் சின்ன நடுக்கம் கோட்டுக்குப் போய்ச் சேருவதே இல்லை. வழியிலேயே மயிர் அதை விழுங்கிவிடுகிறது. அழுத்தினால் கோடு பருக்கும், லேசாக்கினால் மெலியும். வளைவு வந்தால் பிடியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மெல்ல உருட்ட வேண்டும். என்ன ஓர் அற்புதமான கருவி!

ஜன்னல் கண்ணாடி ஒன்றில் தினமும் ஒரு மணி நேரம் பழகினேன். இழு, துடை, இழு. முதல் வாரம் புழுப் போல நெளிந்தது. உஸ்தாத் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: “தூரிகையைப் பார்க்காதே, போகிற இடத்தைப் பார்.” அன்றைக்கே கோடு நிமிர்ந்தது. தூரிகை முனைக்கு ஒரு ஜாண் முன்னால் கண் இருக்க வேண்டும். கை தானாகத் தொடர்ந்து வரும்.

பிப்ரவரிக் கடைசி ஞாயிறு குறித்தேன். டெல்லியில் இந்த வேலைக்கு வருடத்தில் சில வாரங்கள்தான் தோதானவை. டிசம்பர், ஜனவரியில் பனி ஈரம். ஏப்ரலுக்கு மேல் புழுதிக் காற்று. விடியற்காலையில் போர்ட்டிகோவின் தரையைத் தண்ணீர் விட்டு நனைத்தேன், தூசி எழும்பாமல் இருக்க. பழைய மெழுகும் கைப் பிசுக்கும் போகத் துடைத்தேன். கொஞ்சம் மிச்சமிருந்தாலும் எனாமல் ஒட்டாமல் விலகி ஓடும். பிறகு உடம்பின் மடிப்புக்கு ஒரு விரற்கடை மேலே வழிகாட்டியாக டேப். பின்னால் போய் நின்று, கொத்தனார் மாதிரி ஒரு கண்ணை மூடிப் பார்த்து, மூன்று தடவை பிரித்து ஒட்டினேன். அளவுகோல் நேர் என்று சொல்வதைச் சில வளைவுகளில் கண் ஒப்புக்கொள்ளாது. அங்கே கண் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

பழைய பத்திரிகையின் வழவழ அட்டைதான் தட்டு. அதில் எனாமலை ஊற்றி, சொட்டுச் சொட்டாக டர்பன்டைன் விட்டு, தூரிகையை முன்னும் பின்னும் தடவித் தடவி நிறைத்தேன். சுண்டுவிரல் டேப்பின் ஓரத்தில் சாய்ந்தது. மூச்சை விட்டேன். இழுத்தேன்.

முன் மட்கார்டிலிருந்து கதவுக்குப் போகும் இடுக்குதான் கண்டம். அங்கே தயங்கினால் பெயின்ட் விளிம்பில் குவிந்துவிடும். நிற்காமல் தாண்ட வேண்டும். தாண்டினேன்! பின் கதவில் தெருவிலிருந்து ஹாரன் சத்தம் கேட்டுத் தோள் அசைந்தது, கோடும் அசைந்தது. அந்த நொடியில்தான் இந்தக் கலையின் கருணை புரிந்தது. அடியில் இருக்கும் பச்சை பெயின்ட் முழுக்க இறுகிப்போனது. டர்பன்டைன் அதை ஒன்றும் செய்யாது. துணியில் கொஞ்சம் தொட்டுத் துடைத்தால் ஈரக் கோடு மட்டும் போய்விடுகிறது. துடைத்துவிட்டு மறுபடி இழுத்தேன். பதின்மூன்று அடிக்கும் குறைவான வண்டிதான், பக்கத்துக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

சக்கரம் அதைவிட ஆனந்தம். முன்பக்கத்தை ஜாக்கியில் ஏற்றி, அடியில் ஸ்டாண்டு கொடுத்து, தூரிகையை ரிம்மில் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டியது. பேத்தி சக்கரத்தை மெல்லச் சுற்றினாள். கையே நகரவில்லை; கோடு தானாக வட்டமடித்து வந்து தன் வாலைத் தானே தொட்டது. அவள் கைதட்டிய சத்தத்தில் பக்கத்து வீட்டு சர்தார்ஜி எட்டிப் பார்த்தார். “தாத்தா, இன்னொரு சக்கரம்!” என்றாள். நான்கையும் முடித்தோம். பின் சக்கரங்களுக்கு கியரை நியூட்ரலில் வைத்தால் போதும்.

டெல்லியில் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகை 1964-இல் தொடங்கிய பழைய கார் பேரணியில் அடுத்த முறை எங்கள் ஹெரால்டும் நிற்க வேண்டும் என்பது என் ஆசை. உஸ்தாதை வீட்டுக்கு அழைத்துவந்து காட்டினேன். வண்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார். இடது பின் கதவில், நான் துடைத்து மறுபடி இழுத்த இடத்தில் நின்றார். விரலை அதன் மேலாகக் காற்றில் ஓட்டினார். “இது கையால் போட்டது என்று தெரிகிறது” என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பழைய வண்டி ஒன்றைச் சீர்படுத்தி வைத்திருப்பவரா நீங்கள்? தயவுசெய்து ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். ஒரு கத்தித் தூரிகை, 50 மில்லி எனாமல், ஒரு கண்ணாடித் துண்டு. இவ்வளவுதான் முதலீடு. வேலை முடிந்ததும் தூரிகையை டர்பன்டைனில் அலசி, எஞ்சின் ஆயில் தடவி, மயிரை நேராக நீவி வையுங்கள், வருடக்கணக்கில் உழைக்கும். என்னிடம் இரண்டு இருக்கின்றன. ஜனக்புரிப் பக்கம் வந்தால் ஒன்றை எடுத்துக்கொண்டு போகலாம்.