மறைத்து வைத்த பள்ளிக்கூடம்

நானோ நேகிள் அம்மையார் 1769 ஜூலையில் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அயர்லாந்தின் கார்க் நகரிலிருந்து, துறவறப் பயிற்சிக்காகப் பாரிஸ் சென்றிருந்த எலினார் ஃபிட்ஸைமன்ஸ் என்ற பெண்ணுக்கு எழுதியது. பள்ளிக்கூடம் தொடங்கிய கதையை அதில் தானே சொல்கிறார். பிறகு வந்த வாழ்க்கை வரலாறுகள் அவரை விளக்கேந்திய மாதரசியாகப் போற்றுகின்றன. இரவில் கைவிளக்கோடு ஏழைகளின் குடிசைகளைத் தேடிப் போனவர் என்பதால் வந்த பெயர் அது. ஆனால் எனக்கு அந்த விளக்கைவிட இந்தக் கடிதமே அதிக வெளிச்சமாகத் தெரிகிறது.

காலத்தை முதலில் நினைத்துப் பார்க்க வேண்டும். 1695ஆம் ஆண்டுச் சட்டப்படி அயர்லாந்தில் கத்தோலிக்கர் பள்ளி நடத்தினால் 20 பவுண்டு அபராதம், மூன்று மாதம் சிறை. வசதியான குடும்பத்தில் 1718இல் பிறந்த நானோ பிரான்சில் படித்தவர். அப்படிக் கடல் கடந்து படிப்பதும் சட்டப்படி குற்றம்தான். அவர் 1750களில் கார்க் நகரில் முதல் பள்ளியைத் தொடங்கியபோது வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. ஆன்ம குரு ஒருவருக்கு மட்டும் தெரியும். வேலைக்காரப் பெண்ணை அனுப்பி ஓர் ஆசிரியையை அமர்த்தி, முப்பது ஏழைச் சிறுமிகளைச் சேர்த்தார். காலையில் அவர் நழுவிப் போவது பள்ளிக்கு. கோவிலுக்குப் போகிறாள் என்றே சகோதரர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த ரகசியம் உடைந்த விதத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை. காட்டிக்கொடுத்தவன் ஒற்றன் இல்லை, ஓர் ஏழைத் தகப்பன். தன் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று நானோவின் சகோதரர் ஜோசப்பிடமே வந்து கேட்டிருக்கிறான். ஜோசப் சிரித்துக்கொண்டே உள்ளே வந்து, யாரோ ஒரு பைத்தியக்காரன் உன்னைப் பள்ளிக்கூட வாத்தியாரம்மா என்று நினைத்துக்கொண்டிருக்கிறான் என்று மனைவியிடமும் நானோவிடமும் சொல்கிறார். அந்த இடத்தில்தான் நானோ உண்மையை ஒப்புக்கொள்கிறார். பணக்கார வீட்டு வாசலுக்கு வந்த அந்த மனிதன் காசு கேட்கவில்லை, தன் பிள்ளைக்குப் படிப்பு கேட்டான். சட்டம் விலக்கி வைத்ததை மக்கள் எவ்வளவு விரும்பினார்கள் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

தம்பிக்கு அக்கா மேல் வரும் கோபம் என்று இதை விட்டுவிட முடியாது; மாட்டிக்கொண்டால் குடும்பமே ஆபத்தில் விழும். ஜோசப் கொதித்துப்போகிறார். ஆனால் நானோ அதை எழுதும் பக்குவத்தைக் கவனியுங்கள். அவர் கோபப்பட்டார் என்று எழுதிய கையோடு, அவரும் அவர் மனைவியும் பக்தி மிகுந்தவர்கள், உலகக் கவலை முதலில் கண்ணை மறைத்துவிட்டது, சீக்கிரமே சமாதானமாகிவிட்டார் என்றும் எழுதிவிடுகிறார். கூடப் பிறந்தவரைப் பற்றி மூன்றாம் மனுஷிக்கு எழுதும்போது ஒரு சிறு குறையைக்கூட மீதம் வைக்காத நாகரிகம் அது. நானோ உண்மையில் அஞ்சியது, தந்தையின் சகோதரரான செல்வந்தருக்கு இதனால் தொல்லை வந்துவிடுமோ என்றுதான். அந்த மனிதரோ கோபப்படவில்லை; நானோவின் சொத்தில் பெரும்பங்கு அவரிடமிருந்தே வந்தது. அது பள்ளிகளுக்கே போனது.

ஒன்பது மாதத்துக்குள் பிள்ளைகள் இருநூறு பேர் ஆனார்கள். கடிதம் எழுதும்போது பெண்களுக்கு ஐந்தும் ஆண்களுக்கு இரண்டுமாக ஏழு பள்ளிகள். ஞானோபதேசத்தை அவரே சொல்லிக்கொடுப்பார். முதல் நற்கருணையான புதுநன்மைக்குப் பிள்ளைகளைத் தயார் செய்ய நான்கு மணி நேரத்துக்கு மேல் பேச வேண்டியிருந்தது. நெஞ்சு பலவீனம், ரத்தம் துப்பினார். அதையும் மறைத்தார். தெரிந்தால் கற்பிக்க விடமாட்டார்களே என்ற பயம்! இத்தனையும் எழுதிவிட்டு, இந்தப் பள்ளிகள் என்னை மோட்சத்துக்குக் கொண்டுபோகாது, இவற்றில் எனக்கு வெறும் சந்தோஷம்தானே இருக்கிறது என்கிறார். தியாகம் என்ற பெயரைத் தன் உழைப்புக்குச் சூட்டிக்கொள்ள மறுக்கும் இந்த இடம்தான் கடிதத்தின் உயிர்.

1771இல் அவர் முயற்சியால் உர்சுலைன் கன்னியர் கார்க் வந்தார்கள். ஆனால் அவர்களுடைய விதி மடத்தின் சுவருக்குள் இருக்கச் சொன்னது. ஏழைகளின் வீடு தேடி நடக்க அது இடம் தரவில்லை. அதனால் 1775 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், மூன்று தோழியருடன் தானே ஒரு சபையைத் தொடங்கித் தலைவியானார். அதன் மடம் உர்சுலைன் மடத்துக்கு அருகில் எழுவதைப் பங்குத்தந்தை மொய்லன் எதிர்த்தபோது, இங்கே இடமில்லை என்றால் அயர்லாந்தில் வேறு ஊருக்குப் போய்விடுகிறேன் என்றார். குரல் உயர்த்தாமல் பேசிய அந்த ஒரு பேச்சு போதுமாயிருந்தது.

1780இல் லண்டனில் கத்தோலிக்கருக்கு எதிராகக் கலவரம் மூண்டது. புதிய மடத்துக்குக் குடிபோக வேண்டிய நேரமும் அதுதான். கலவரம் கார்க்குக்கும் பரவுமோ என்று அஞ்சி, அவர் விடியற்காலை மூன்று மணிக்கு முன்பே எழுந்து, தெரு விழிப்பதற்குள் கட்டில்களைக் கழற்றி அனுப்பிவிட்டார். வேலையாட்களிடம் யாரிடமும் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். திருடர்களைப் போல நுழைந்தோம் என்று தோழிக்கு எழுதினார். பள்ளியையும் நோயையும் வீடு மாறியதையும் மறைத்ததற்குக் காரணம் ஒன்றே: பிள்ளைகளின் பாடம் ஒரு நாளும் நிற்கக் கூடாது.

1784 ஏப்ரல் 26இல் அவர் காலமானார். அவர் தொடங்கிய சபையின் சகோதரிகள் 1842இல் அயர்லாந்திலிருந்து மதராஸ் வந்து ஜார்ஜ் டவுனில் பள்ளி தொடங்கினார்கள். சென்னை சர்ச் பார்க் பள்ளியும் அவர்களுடையதே. வகுப்பறையில் நிற்கிறவர்கள் அந்த 1769ஆம் ஆண்டுக் கடிதத்தை ஒருமுறை தேடிப் படித்துவிடுங்கள்.