விருந்தாளிக்குக் காட்டாத ஜப்பான்

1983இல் ஜப்பானியப் பிரதமர் நகசோனேயின் அரசு, இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 1 லட்சம் வெளிநாட்டு மாணவர்கள் ஜப்பானில் படிக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2003இல் அது நிறைவேறியது. 2008இல் அறிவித்த 3 லட்சமும் 2019இல் கைகூடியது. 2033க்குள் 4 லட்சம் என்பது இப்போதைய திட்டம். வந்தவர்கள் ஜப்பானைப் பற்றி என்ன கற்றுக்கொண்டு திரும்புகிறார்கள் என்ற கேள்விக்கும் இதே அளவு அக்கறை வேண்டும். பொறியியல் படிக்க வருபவரிடம் இதைக் கேட்க வேண்டியதில்லை. ஜப்பானியச் சமூகத்தையும் பண்பாட்டையும் அறியவென்றே ஓரிரு பருவங்கள் தங்கும் மாணவரிடம் கேட்டே ஆகவேண்டும். அந்தப் பயணம் தேவை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது பெரும்பாலும் நடத்தப்படும் முறை, மாணவரைக் கடைசி நாள்வரை விருந்தாளியாகவே வைத்திருக்கிறது.

ஜப்பானில் ஒருவர் சமூகத்தைக் கற்பது பொறுப்புகளின் வழியாக. பல்கலைக்கழகத்தின் மாணவர் கழகம் ஒன்றில் சேரும் முதலாண்டு மாணவர், மூத்தவரான சென்பாயிடம் எப்படிப் பேசுவது, யார் முதலில் வந்து கூடத்தைத் துடைப்பது என்பதை வேலை செய்தும் திட்டு வாங்கியும் அறிகிறார். குடியிருப்பில் குப்பையைத் தவறான நாளில் வைத்தால் அண்டைவீட்டார் சொல்லித் திருத்துவார். வெளிநாட்டு மாணவருக்கோ பாடங்கள் ஆங்கிலத்தில் நடக்கின்றன, விடுதியில் பிற நாட்டவரே சூழ்ந்திருக்கிறார்கள், தேநீர்ச் சடங்கும் கிமோனோவும் அரைநாள் நிகழ்ச்சியாக வந்து போகின்றன. கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குகிறது. கழகங்கள் புதியவரைச் சேர்ப்பதும் அப்போதுதான். ஆனால் பரிமாற்ற மாணவர்களில் பலர் செப்டம்பரில் வந்து இறங்குகிறார்கள். அவர்கள் தவறு செய்தாலும் யாரும் கண்டிப்பதில்லை, வெளியாள் என்று புன்னகையோடு விட்டுவிடுகிறார்கள். அந்தப் பரிவு உண்மையானதுதான். ஆனால் கண்டிக்கப்படாதவர் விதி எங்கே இருக்கிறது என்பதையே அறியாமல் போகிறார்.

நேரில் போகாமலே ஜப்பானை அறிந்தவர்கள் இல்லையா என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். கெஞ்சியின் கதை என்ற பழம்பெரும் ஜப்பானியப் புதினத்தை ஆங்கிலத்தில் தந்த ஆர்தர் வேலி ஜப்பானில் கால் வைத்ததே இல்லை. மானிடவியலாளர் ரூத் பெனடிக்டும் அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானியர்களைப் பேட்டி கண்டும் படங்களையும் நூல்களையும் ஆராய்ந்துமே 1946இல் ஜப்பானியச் சமூகம் பற்றிய தம் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். பழம்பெரும் இலக்கியத்துக்கு வேலியின் வழி போதும். வாழும் சமூகத்துக்குப் போதாது. பெனடிக்ட் படைவீரர் மனப்பாங்கை ஜப்பானியர் அனைவருக்கும் உரியதாக்கிவிட்டார் என்று தத்துவ அறிஞர் வட்சுஜி டெட்சுரோ குறை சொன்னதற்குக் காரணமும் இதுவே: தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு சமூகத்துக்குள் இருக்கும் கருத்து வேறுபாடு மறைந்துவிடுகிறது.

போய்த் தங்கினாலும் அந்த வேறுபாடு தானாகத் தெரிந்துவிடாது. 1935-36இல் மானிடவியலாளர் ஜான் எம்ப்ரீ, குமமோட்டோ மாவட்டத்தின் சுயே கிராமத்தில் ஏறத்தாழ ஓராண்டு குடும்பத்தோடு தங்கி ஆய்வு செய்தார். ஜப்பானியப் பேச்சுமொழி அவருக்கு அவ்வளவாகக் கைவராததால் மொழிபெயர்ப்பாளரை நம்பியிருந்தார். 1939இல் வந்த அவர் நூல் இன்றும் மதிக்கத்தக்கது. ஆனால் ஜப்பானில் வளர்ந்து சரளமாகப் பேசிய அவர் மனைவி எல்லா, அதே கிராமத்துப் பெண்களோடு உட்கார்ந்து குறிப்பெழுதினார். அக்குறிப்புகளைக் கொண்டு 1982இல் ராபர்ட் ஸ்மித்தோடு இணைந்து அவர் வெளியிட்ட நூலில் குடித்து, புகைத்து, கூச்சமின்றிக் கேலி பேசி, மணவிலக்குப் பெற்று மறுமணம் செய்துகொண்ட பெண்கள் வருகிறார்கள். அடங்கி ஒடுங்கிய ஜப்பானியப் பெண் என்ற பாடநூல் படிமம் அங்கே நொறுங்குகிறது. ஒரே ஊர், ஒரே ஆண்டு, ஒரே வீடு. பெண்களின் கூட்டத்தில் எல்லாவுக்கு இடமும் மொழியும் இருந்தன, வேறுபாடு அதில்தான். ஓராண்டில் எதையும் அறிய முடியாது என்போருக்கும் இதுவே பதில்.

சுற்றிக் காட்டப்படும் ஜப்பானிலும் பல விடுபடுகின்றன. கியோட்டோவில் ஹெய்யான் ஆலயத்துக்கு மாணவர்களை அழைத்துப் போவது வழக்கம். அந்த ஆலயம் இருக்கும் ஒகசாகி பகுதியில்தான் 1922 மார்ச் 3 அன்று, பிறப்பால் ஒதுக்கப்பட்ட புரகுமின் மக்கள் கூடிச் சமத்துவத்துக்கான சுயிஹெய்ஷா இயக்கத்தைத் தொடங்கினார்கள். சாதியை அறிந்த நாட்டிலிருந்து போகும் மாணவருக்கு இதைவிடப் பொருளுள்ள பாடம் அந்நகரில் எனக்குத் தெரிந்து இல்லை. அதைச் சொல்லாமல் ஆலயத்தின் செந்நிறத் தூண்களை மட்டும் காட்டி அனுப்புவது பெரிய இழப்பு. மறுபுறம், வாரத்துக்கு 28 மணி நேர அனுமதியோடு கொம்பினி எனப்படும் சிறு பல்பொருள் கடைகளில் இரவுப் பணி செய்யும் நேபாள, வியட்நாம் மாணவர்கள் ஜப்பானின் உழைப்பையும் மரியாதைப் பேச்சையும் நெருங்கி அறிகிறார்கள். கடனுக்கும் களைப்புக்கும் நடுவே பெறும் அந்த அறிவைக் கல்விமுறை என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் பண்பாட்டுப் பாடத்திட்டம் தர மறுக்கும் ஒன்றை அந்தக் கடை தருகிறது என்பதை மறுக்க முடியாது.

ஜப்பானிய மொழியைக் கட்டாயமாக்கினால் வசதியற்ற மாணவர்கள் வரமாட்டார்கள் என்பது மெய்யான அச்சம். ஆங்கிலப் பாடங்கள் பலருக்குக் கதவைத் திறந்திருக்கின்றன. அவற்றை மூடச் சொல்லவில்லை. மொழிப் பயிற்சி புறப்படுவதற்கு முன்பே, கட்டணமின்றித் தொடங்கட்டும். பல்கலைக்கழகங்கள் வரும் மாணவரைக் கழகத்திலோ ஊர்ச் சங்கத்திலோ நூலகத்திலோ ஒரு பொறுப்பில் அமர்த்தி, தவறினால் கேள்வி கேட்கட்டும். இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கட்டணத்தையும் தரவரிசையையும் விசாரிக்கும்போது, அங்கே ஜப்பானியர்களோடு சேர்ந்து உங்களுக்கு என்ன வேலை கொடுப்பார்கள் என்றும் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வேறு பல்கலைக்கழகம் பாருங்கள்.