உப்புத்தாள் 'அ'

விரல் நுனிக்கும் ஞாபகம் உண்டு என்பது உப்புத்தாள் எழுத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் புரியும். வழவழப்பான பலகையில் சொரசொரப்பாக ஒட்டிய 'அ'. மூன்றரை வயதுக் குழந்தை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, சுழியில் தொடங்கி, வளைந்து, கடைசிக் கோட்டில் இறங்குகிறது. கூடவே வாயும் 'அ' என்கிறது. விரல் தடம் மாறிப் பலகையில் வழுக்கினால் யாரும் திருத்த வேண்டாம், அதற்கே தெரிந்துவிடும்.

1907-இல் ரோம் நகரில் மரியா மாண்டிசோரி தொடங்கிய முறை இது. 1939-இல் அவரே சென்னை அடையாறுக்கு வந்து, பிரம்மஞான சபையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். மணலில் விரலால் எழுதிப் பழகிய திண்ணைப் பள்ளி மண்ணுக்கு இந்தத் தடவல் அந்நியமாக இருந்திருக்காது.

தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. எனக்கு மிகவும் பிடித்த சிக்கல். இத்தாலியக் குழந்தை பெரும்பாலும் காதில் விழும் வரிசையிலேயே எழுத்துகளை அடுக்கிவிடலாம். 'கொக்கு' என்று கேட்கும் நம் பிள்ளைக்கு முதலில் 'க்', பிறகு 'ஒ'. எழுதும்போதோ ஒற்றைக்கொம்பு முன்னால், கால் பின்னால், நடுவில் 'க'. இதை வாயால் விளக்கப் போனால் குழப்பம்தான். கொம்பையும் காலையும் தனித்தனியாக வெட்டிக் கையில் கொடுத்துவிட வேண்டும். குழந்தை முதலில் 'க'வை வைக்கிறது. இந்தப் பக்கம் கொம்பு, அந்தப் பக்கம் கால் என்று அணைத்து வைக்கிறது. சற்றுத் தள்ளி உட்கார்ந்து பார்க்கிறது. பிறகு மெல்ல, "கொ".