சாம்பல் நிறத்தில் ஒரு முகம்

ஓவியம் என்றாலே வண்ணம் என்றுதான் நம்மில் பலரும் எண்ணுகிறோம். வண்ணத்தைக் குறைத்து, முகத்தையும் முக்கோணம் முக்கோணமாகப் பிரித்துப் போட்டால், "என்னங்க இது, ஆளே தெரியலையே!" என்கிறோம். நியாயமான கேள்விதான். விடை தேட இரண்டு படங்களை எடுத்துக்கொள்கிறேன். இரண்டுமே சிகாகோ கலை அருங்காட்சியகத்தில் உள்ளவை.

முதலாவது, பிக்காசோ 1910இல் தீட்டிய ஓவிய வணிகர் கான்வைலரின் உருவம். பழுப்பும் சாம்பலும்தான். மனிதர் துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறார். உற்றுப் பார்த்தால் வாரிய தலைமுடியும் கோத்த கைகளும் தென்படும். அவற்றைப் பிடித்துக்கொண்டு நாமேதான் ஆளைக் கட்டியெழுப்ப வேண்டும்.

இரண்டாவது, ஹுவான் கிரிஸ் 1912இல் தீட்டிய பிக்காசோவின் உருவம். ஸ்பானிய மொழியில் 'கிரிஸ்' என்றாலே சாம்பல் நிறம். அவர் தாமே வைத்துக்கொண்ட பெயர் அது! நீலச் சாம்பலும் கொஞ்சம் பழுப்பும் மட்டுமே. சாய்கோடுகள் ஒழுங்காக ஓடுகின்றன. தளத்துக்குத் தளம் வெளிச்சமும் நிழலும் மாறி வருகின்றன. கையில் வண்ணத்தட்டு. ஆள் உட்கார்ந்திருப்பது உடனே புரிகிறது.

பிக்காசோவின் படம் ஆழமானது. கிரிஸின் படம் தெளிவானது. கற்றுக்கொள்ள ஏற்றது இரண்டாவதே என்பது என் கருத்து. அங்கே சிவப்போ பச்சையோ புகுந்திருந்தால் கண் அதன் பின்னால் போயிருக்கும். மூக்கின் மேடும் கன்னத்தின் பள்ளமும் மறைந்திருக்கும்.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது. நம் கே.எம்.ஆதிமூலம் (1938–2008) 1969 காந்தி நூற்றாண்டையொட்டி வரைந்த காந்தி சித்திரங்களில் வண்ணமே இல்லை. அவருடையது கோட்டின் வழி, கிரிஸுடையது தளத்தின் வழி. ஆனாலும் இருவரும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: எதையெல்லாம் எடுத்துவிட்டாலும் ஆளைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் எது?

சந்தாபுராவில் வளரும் நம் பிள்ளைகள் ஊரிலிருக்கும் தாத்தாவைப் பார்ப்பது பெரும்பாலும் விடுமுறையில் மட்டுமே. அவர் முகத்தை ஐந்தே ஐந்து சாம்பல் படிகளில் வரையச் சொல்லுங்கள். கறுப்பும் வெள்ளையும் கலந்தால் சாம்பல் சற்று நீலம் பாயும். துளி பழுப்பு சேர்த்தால் இதமாகும். கண்ணை இடுக்கிப் பார்த்து, பெரிய தளங்களை முதலில் பிரிக்கட்டும். தாத்தாவின் எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பிள்ளை தானே தீர்மானிக்க வேண்டியிருக்கும். அதற்காகவாவது அவரை ஒருமுறை நன்றாகப் பார்க்கும் அல்லவா!