மூக்கைப் பார்த்துத் தீர்ப்பு: ரைனிகரின் நிழலுருக்கள்

தாழ்வுபாட்டில் நண்பர் ஒருவரின் வீட்டுச் சுவரில், அயற் பிள்ளைகளோடு அமர்ந்து லொட்டே ரைனிகரின் ‘இளவரசர் அஹ்மதின் சாகசங்கள்’ பார்த்தேன். கறுப்பு நிழலுருக்கள் மட்டுமே அசைகின்ற மௌனப்படம். “இதில ஆர் கெட்டவன்?” என்றான் ஒரு சிறுவன். “மூக்கைப் பாரன், தெரியேல்லையா?” என்றாள் பக்கத்திலிருந்த சிறுமி. அந்தப் பதிலே இக்குறிப்புக்குக் காரணம்.

1899இல் பேர்லினில் பிறந்த ரைனிகர், 1923 முதல் 1926 வரை உழைத்து இப்படத்தை உருவாக்கினார். வங்கியாளர் லூயிஸ் ஹாகன் பணம் தந்தார். பொட்ஸ்டாமில் அவரது வாகனக் கொட்டகையின் மேல்தளமே கலைக்கூடம். கணவர் கார்ல் கொக் கமெராவைக் கவனித்தார். கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத்தகட்டிலும் உருக்களைக் கத்தரித்து, மூட்டுகளைக் கம்பியால் பிணைத்து, கீழிருந்து ஒளியூட்டிய கண்ணாடியின் மேல் கிடத்தி, சிறுகச் சிறுக நகர்த்தி ஒவ்வொரு படமாக எடுத்தார்கள். டிஸ்னியின் ‘ஸ்னோ வைட்’ வந்தது 1937இல். ஆர்ஜென்டீனாவில் கிறிஸ்தியானி முன்னரே எடுத்த முழுநீளப் படங்கள் அழிந்துவிட்டன. ஆகவே இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழைய முழுநீள அசைவூட்டப் படம் ஒரு பெண்ணின் கத்தரிக்கோலிலிருந்து பிறந்தது.

‘நமது ஆயிரத்தொரு இரவுகளை ஐரோப்பியர் சிதைத்துவிட்டனர்’ என்று நம்மவர் சிலர் சொல்லக்கூடும். விடயம் அவ்வளவு எளிதல்ல. இப்படத்தில் வரும் அலாவுதீன் கதையும் அஹ்மத் - பரீ பானு கதையும் பழைய அரபுப் பிரதிகளில் இல்லை. அலெப்போவைச் சேர்ந்த ஹன்னா தியாப் என்ற மரோனைட் கிறிஸ்தவர் 1709இல் பாரிஸில் அந்துவான் கலானுக்குச் சொன்னவை அவை. இக்கதைகளுக்குத் தனியுரிமை கோர எவராலும் இயலாது.

என் மனக்குறை வேறு. நிழலுருவில் கண்ணில்லை, முகபாவமில்லை. வெளிக்கோடு மட்டுமே உண்டு. ஆகவே குணத்தையும் கோட்டிலேயே வெட்டவேண்டியிருக்கிறது. ‘ஆபிரிக்க மந்திரவாதி’க்குக் கொக்கி மூக்கும் எலும்பு விரல்களும், இளவரசருக்கு நேர்த்தியான பக்கத்தோற்றம். ஐரோப்பாவின் பழைய தப்பெண்ணம் கத்தரிக்கோல் வழியே வந்திறங்குகிறது. பரீ பானுவின் இறகாடையைக் கவர்ந்து அவளைத் தூக்கிச் செல்வதையும் படம் காதலென்றே காட்டுகிறது.

ஆயினும் இப்படத்தை ஒதுக்க என்னால் முடியவில்லை. காரணம் அந்த எரிமலைச் சூனியக்காரி. ஆயிரத்தொரு இரவுகளில் ஓர் அரசகுமாரி ஜின்னோடு உருமாறி உருமாறிப் போரிட்டு வென்று, இறுதியில் தானும் சாம்பலாகிறாள். ரைனிகரின் கிழவியும் அவ்வாறே மந்திரவாதியோடு போரிடுகிறாள், வெல்கிறாள், உயிரோடும் இருக்கிறாள். அவளது வெளிக்கோடோ அவலட்சணமானது. மூக்கைப் பார்த்துத் தீர்ப்பிட்ட படமே, இங்கு அத்தீர்ப்பை மாற்றி எழுதுகிறது.

சோதனைச் சாவடிகளில் பெயரையும் உடையையும் கொண்டு ஆளை அளந்த காலம் மன்னாருக்குத் தெரியும். 1990 ஒக்டோபரில், இன்னார் என்பதற்காகவே புலிகளால் வெளியேற்றப்பட்ட மன்னார் முஸ்லிம்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அந்தச் சிறுமியின் பதிலைச் சிரித்துக் கடக்க முடியாதது இதனாலேயே.

பிள்ளைகளுக்கு இப்படத்தைக் காட்டுங்கள். காட்டியபின், அந்தக் கிழவி நல்லவளென்று எப்போது தெரிந்தது என்று கேளுங்கள்.