ராமாவின் மௌனம்

கொட்டாஞ்சேனையிலே ஆங்கில நாவல் படிக்கும் பழக்கமுள்ள எங்கள் தலைமுறையினர், மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிக் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துபோன ‘ராமா’ நாவல்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், “முதற் புத்தகத்தோடை நிப்பாட்டியிருக்கலாம்” என்று மனம் நொந்து சொல்வதுண்டு. அவற்றுக்கு மூலகர்த்தாவான ஆர்தர் சி. கிளார்க், 1956 முதல் 2008இல் மறையும்வரை இலங்கையையே இல்லமாகக் கொண்டு, கொழும்பு ஏழில் பார்ன்ஸ் பிளேஸில் நெடுங்காலம் வாழ்ந்தவராதலால், அம்மனக்குறையில் சொந்த ஊர்ப் பெரியவரிடம் கொள்ளும் உரிமையும் சற்றுக் கலந்திருக்கிறது. முடிந்துபோன கதையை மீண்டும் எடுத்து நீட்டும் வழக்கத்தின் குணமும் தோஷமும் இந்நூல்களிற் போலத் தெளிவாக வேறெங்கும் எனக்குப் புலப்பட்டதில்லை.

1973இல் வெளிவந்த முதல் நாவலின் கதை எளியது. 2131ஆம் ஆண்டிலே சூரிய மண்டலத்துள் நுழையும், ஏறத்தாழ 50 கிலோமீற்றர் நீளமுள்ள, தன்னைத்தானே சுற்றும் உருளை வடிவான ‘ராமா’ என்னும் கலமொன்றினுள், கொமாண்டர் நோர்ட்டனும் தோழரும் காரிருளில் இறங்குகிறார்கள். உள்ளே உறைந்து கிடக்கும் கடல் உருகுகிறது. இயந்திரமோ உயிரோ என்று நிச்சயிக்க முடியாத பிராணிகள் தோன்றித் தம் வேலையைச் செய்துவிட்டு மறைகின்றன. கலத்தின் தென்கோடியிலே தனியாக வீழ்ந்த ஜிம்மி பாக் என்னும் இளைஞன், உயிர்தப்பும் வழி தெரியாத அந்நிலையிலும், அங்கே பூத்து நிற்கும் ஒரேயொரு பூவைக் கண்டு தயங்கிப் பின் அதனைக் கொய்துகொள்கிறான். அந்தப் பூ எவருக்காகப் பூத்தது, யார் நட்டது என்று ஆசிரியர் சொல்வதில்லை. கலமும் சூரியனிடமிருந்து தனக்கு வேண்டியதைப் பெற்றுக்கொண்டு, மனிதரை ஒரு பொருட்டாகவே எண்ணாமல், பெரிய மெகலன் முகில் இருக்குந் திசையில் போய்விடுகிறது. பிரபஞ்சம் நம்மைப் பொருட்படுத்தவில்லை என்னும் அந்த உணர்ச்சியே நாவலின் ஜீவன்.

கதையைத் தொடரும் எண்ணம் தமக்கு இருந்ததில்லை என்று கிளார்க்கே பின்னர் எழுதியிருக்கிறார். இருந்தும், விண்வெளிப் பொறியியலாளரான ஜென்ட்ரி லீயுடன் இணைந்து 1989, 1991, 1993 ஆகிய ஆண்டுகளில் மேலும் மூன்று பாகங்கள் வந்தன. எழுத்து பெரும்பாலும் லீயினுடையது. அவற்றில் நன்மையே இல்லை என்பது அபாண்டம். முதல் நாவலின் மாந்தர் கடமை வீரர்களேயன்றி மனிதராக நம் மனத்தில் நிற்பவரல்லர். லீ படைத்த நிக்கோல் என்னும் மருத்துவரோ, பின்னர் வரும் இன்னொரு ராமாக் கலத்தினுள்ளே குழியொன்றில் அகப்பட்டுத் தாகத்தால் வாடுகையில், தாய்வழி ஆபிரிக்க மூதாதையரின் நினைவுகளைத் துணையாகக் கொண்டு உயிரைப் பிடித்துக்கொள்ளும் இடத்திலே, கிளார்க் ஒருபோதும் எழுதாத ஒரு பெண்ணாக எழுந்து நிற்கிறார். ஆயினும் அதே பாகங்களில், ராமாவினுள் மனிதக் குடியேற்றம் அமைகிறது; அதன் அதிகாரத்தைத் தீயவனொருவன் கைப்பற்றுகிறான்; குடும்பச் சச்சரவுகள் பக்கம் பக்கமாக விரிகின்றன; ஈற்றில், இக்கலங்கள் எதற்காக அனுப்பப்பட்டன என்பதற்குப் படைத்தவனின் நோக்கம் வரை விளக்கம் தரப்படுகிறது. விளக்கம் கிடைத்த அக்கணமே பூவும் கடலும் வெறும் அரங்கப் பொருள்களாகிவிடுகின்றன.

பாத்திரத்தின்மேல் நாம் வைத்த அபிமானத்தைத் தொடரலாம். மர்மத்தைத் தொடர்வதென்றால் அதைச் செலவழித்தே தொடர வேண்டும். சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வுக்குப் பின் ‘மீண்டும் ஜீனோ’ வந்தபோது, இரண்டாவது சற்று மெலிந்ததென்று கருதியவர்கள்கூட மனங்கசந்து போகவில்லை. அங்கே வாசகர் நேசித்தது ஜீனோ என்னும் இயந்திர நாயின் குறும்பையும் புத்தியையும் ஆதலால், அந்நாய் மீண்டும் வந்து பேசியதே போதுமாயிருந்தது.

‘2001’இன் தொடர்ச்சியாகக் கிளார்க் எழுதிய ‘2010’ நாவலும் (1982) இவ்வகையில் வென்றதே. கொலைகாரக் கணினி என்று பெயரெடுத்த ஹாலை அதிலே மீண்டும் விழிக்கச் செய்பவர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட இடாப்பில் இருக்கக்கூடிய அப்பெயரை முதன்முறை கண்டபோது எனக்குண்டான ஆனந்தம் இன்னும் தணியவில்லை. ஹாலின் குற்றத்துக்குக் காரணம் மனிதர் இட்ட முரணான கட்டளைகளே என்று அந்நூல் நிறுவுகிறது. 1979இல் வோயேஜர் கலங்கள் அனுப்பிய வியாழன் படங்களின் புதிய அறிவும் அதிற் சேர்ந்திருக்கிறது. வேற்றுலகத்தார் விட்டுச்சென்ற கருங்கல்லின் இரகசியமோ பெரும்பாலும் கலையாமலே நிற்கிறது.

ஆயினும், பழி முழுவதையும் லீயின் தலையில் இறக்கும் நண்பர்களுடன் என்னால் உடன்பட இயலவில்லை. அதே வரிசையில் 1997இல் கிளார்க் தனியே எழுதிய ‘3001’இலே, நம் மூதாதையரின் மூளையையே மாற்றிய அந்தக் கருங்கல், மனிதர் ஏவிய கணினி வைரஸினால் செயலிழந்து போகிறது. அங்கே கூட்டாளி எவருமில்லை. ராமாவைச் சிதைத்த அதே ஆசை, எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்துவிட வேண்டுமென்ற ஆசை, மூலகர்த்தாவின் கையையும் பற்றியிருந்தது. நிக்கோலைப் படைத்த லீ, அவருக்கென்று வேறொரு கலத்தைக் கட்டியிருந்தால், அந்நாவலை நான் முழுமனத்தோடு வரவேற்றிருப்பேன்.