ட்ரீவரின் கைவாகு

ஸ்காட்லாந்தின் பிஷப்டன் என்ற சிற்றூரில் டாக்டர் வீட்டுப் பிள்ளை ரொனால்ட் ட்ரீவர். போர்க்காலத்து உபரிச் சாமான்களைக் கொண்டு டி.வி. பெட்டி கட்டியவர். வளர்ந்து இயற்பியலாளரான பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. ஒரு பொருளின் நிறை எல்லாத் திசையிலும் ஒன்றுதானா, நம் பால்வெளி மண்டலத்தின் மையம் இருக்கும் பக்கம் மட்டும் வேறுபடுமா என்ற கேள்வியை வீட்டுத் தோட்டத்தில் வைத்தே சோதித்தார். கார் பேட்டரிகள், கொஞ்சம் லித்தியம், அவ்வளவுதான். காந்தம்கூட வாங்கவில்லை, பூமியின் காந்தப்புலம் சும்மா கிடைக்கிறதே! பூமி ஒரு சுற்றுச் சுற்றி முடிக்கும்வரை லித்தியம் அணுக்கருவின் அதிர்வெண்ணைக் கவனித்தார். மாற்றமே இல்லை. 1961இல் வெளியான அந்த முடிவு, அமெரிக்காவில் தனியாக இதே வேலையைச் செய்த ஹியூஸின் பெயரோடு சேர்ந்து, ஹியூஸ்–ட்ரீவர் சோதனை ஆயிற்று.

அடுத்தவர் கழித்துப்போடுவதை எடுத்து ஆளும் இந்தச் சிக்கனத்தைத்தான் அவருடைய கலை என்பேன்.

அதன் உச்சம் 1983இல் வந்தது. எதிரெதிரே இரண்டு கண்ணாடிகள். இடைவெளிக்கு அலைநீளம் சரியாகப் பொருந்தினால் லேசர் ஒளி உள்ளே பெருகும். சற்றே பிசகினாலும் மங்கிவிடும். தம்புராவில் சுருதி விலகினால் எல்லாக் காதுக்கும் தெரியும்; ஏறியிருக்கிறதா, இறங்கியிருக்கிறதா என்பது பழகிய காதுக்குத்தான் பிடிபடும். அந்தக் காதை ட்ரீவர் லேசருக்குக் கொடுத்தார். ரேடியோ அதிர்வெண்ணில் ஒளியைச் சற்றுக் குலுக்கினால் இரு பக்கமும் துணை ஒளிகள் முளைக்கும். அவை உள்ளே நுழையாமல் அப்படியே திரும்பும். உள்ளே போய்க் கசிந்து வரும் மூல ஒளியோடு அவை மோதும்போது, ஆஸிலோஸ்கோப் திரையில் ஒரு செங்குத்தான கோடு சுழியைக் கடக்கிறது. சுழிக்கு மேலே என்றால் ஒரு பக்கப் பிசகு, கீழே என்றால் மறுபக்கம். திருத்த வேண்டிய திசையை, திருப்பி அனுப்பப்பட்ட ஒளியே சொல்லிவிடுகிறது! மைக்ரோவேவில் பவுண்ட் என்ற இயற்பியலாளர் முன்பே செய்த உத்தி. லேசருக்குக் கொண்டுவந்ததில் ஜான் ஹாலுக்கும் பங்கு உண்டு. மூவர் பெயரின் முதலெழுத்துகளால் இதை பி.டி.எச். முறை என்பார்கள்.

ஈர்ப்பலைகளைத் தேடும் லைகோ கருவியின் 4 கிலோமீட்டர் கைகளில், 40 கிலோ கண்ணாடிகளுக்கிடையே ஒளியை நிறுத்திவைப்பதற்கும் இந்த உத்திதான் அடிப்படை. லேசரை நோக்கித் திரும்பி வீணாகும் ஒளியை ஒரு கண்ணாடியால் மறித்து மறுபடி உள்ளே தள்ளும் யோசனையிலும் ட்ரீவரின் பங்கு பெரிது. 2015 செப்டம்பர் 14 அன்று ஓர் ஈர்ப்பலையால் அந்தக் கைகள் உணர்ந்த அசைவு, புரோட்டானின் விட்டத்தில் சில நூறில் ஒரு பங்கு.

சமன்பாட்டைவிடப் படம் வரைந்து யோசித்தவர். எந்த வடிவமைப்பையும் போதும் என்று விட மனம் வராது. மேசைமேல் அது அருங்குணம். நூற்றுக்கணக்கானோர் கூடி இழுக்கும் தேரில் தலைவலி. 1992இல் லைகோ திட்டத்திலிருந்து விலக்கப்பட்டார். நியாயம் எந்தப் பக்கம் என்று தீர்ப்புச் சொல்ல நான் துணிய மாட்டேன். 2017 மார்ச்சில் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில் லைகோவுக்காக வைஸ், பேரிஷ், தோர்ன் மூவருக்கும் நோபல். ஈர்ப்பலையோடு சம்பந்தமே இல்லாத அணுக்கடிகாரக்காரர்களும் இன்று லேசரைக் கட்டிப்போடுவது பி.டி.எச். முறையில்தான். நடு எழுத்து ட்ரீவருடையது.